போலீஸ்மேன் இல்லாத பட்டியல்

கோதண்டராமன் எம்.ஏ. நாற்காலியில் உடனே உட்காரவில்லை. கைக்குட்டையால் அதை இரண்டு முறை தட்டி, உட்காரும் இடத்தை முறைத்துப் பார்த்து, பெரிய மனது பண்ணி நாற்காலிக்கு ஒரு வாய்ப்புக் கொடுத்தார்.

தேரடித் தெருவில் ஒரு சைக்கிள் கடைக்கு மேலே இருந்த அந்த ஒற்றை அறைதான் வெள்ளையம்மாளின் துப்பறியும் அலுவலகம். பன்னிரண்டு வருடம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் உட்கார்ந்து, திருவண்ணாமலைக்காரர்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்ட பொய்களை எல்லாம் காதில் வாங்கியவள் அவள். வேலையை விட்டு வெளியே வந்தபோது அவளிடம் மிஞ்சியவை இரண்டு. எந்த வாயிலிருந்து வந்தாலும் பொய்யைப் பிடித்துவிடும் காது ஒன்று. மனிதர்கள் மேல் தீராத இளக்காரம் இன்னொன்று. அந்த இளக்காரம் அவள் உதட்டின் இடது ஓரத்தில் குடியிருந்தது. யாராவது எம்.ஏ. என்று சொல்லிக்கொண்டே கைகுலுக்கினால் அந்த ஓரம் கொஞ்சம் வளையும்.

இப்போது வளைந்திருந்தது.

"ஊரே சிரிக்குது மேடம்," என்றார் கோதண்டராமன். "பேப்பர் பை ஒட்டற பொண்ணு. எட்டாங்கிளாஸோட நின்னவ. என் அக்கா பையன் சக்கரபாணி ராப்பகலா உக்காந்து எழுதின லிஸ்ட்டை அப்படியே காப்பியடிச்சுக் குடுத்திருக்கா."

"லிஸ்ட்டுனா? மளிகை லிஸ்ட்டா?" என்றான் ஜன்னலோரம் நின்ற ஜானி பாஷா. வெள்ளையம்மாளின் உதவியாளன். வாயை மூடி வைத்திருப்பது உடம்புக்கு ஆகாது என்று நம்புகிறவன்.

கோதண்டராமன் அவன் பக்கம் திரும்பவில்லை. அவர் 'வெற்றி டுடோரியல்' பிரின்சிபால். மெட்ரிக்கில் ஒரு முறை தோற்றவர்கள் அடுத்த முறை இன்னும் தைரியமாகத் தோற்பதற்காக அவர் நடத்தும் இடம் அது. உதவியாளர்களோடு பேசி அவருக்குப் பழக்கமில்லை.

விஷயம் இதுதான். செங்கம் ரோட்டில் அச்சகம் நடத்தும் இராமலிங்கத்துக்கு ஆங்கிலப் புத்தகங்களுக்கு புரூஃப் திருத்த ஓர் ஆள் தேவைப்பட்டது. பட்டம் வாங்கிய நான்கு பேரை வைத்துப் பார்த்து நொந்துபோனவர், இந்த முறை ஒரு போட்டி வைத்தார். A, E, L, M, N. இந்த ஐந்து எழுத்தும் எந்த வரிசையிலாவது உள்ளே இருக்கும் ஆங்கிலச் சொற்களை ஒரு மாதத்துக்குள் சேர்த்து, டைப் அடித்துக் கொடுக்க வேண்டும். நீளமான பட்டியலுக்கு வேலை. ஒரே ஒரு சொல் தப்பாக இருந்தாலும் மொத்தப் பட்டியலும் தள்ளுபடி. படிப்பு எதுவரை என்று அவர் கேட்கவில்லை.

இரண்டு பட்டியல்கள் முதலிடத்துக்கு வந்தன. இரண்டிலும் இருநூற்று எண்பத்தாறு சொற்கள். அதே சொற்கள், அதே வரிசை. சக்கரபாணியுடையது திங்கட்கிழமை வந்தது. திரௌபதி என்ற அந்தப் பெண்ணுடையது வியாழக்கிழமை வந்தது.

"முதல்ல குடுத்தவன் எழுதினவன். அப்புறம் குடுத்தவ திருடினவ. இதுக்கு மேல என்ன ஆராய்ச்சி? ஆனா அந்த இராமலிங்கம் ரெண்டு பக்கமும் விசாரிக்கணும்னு நிக்கிறார். இன்னைக்கு சாயங்காலம் அஞ்சு மணிக்கு முடிவு சொல்றாராம். உங்க பேச்சுக்கு அவர்கிட்ட மரியாதை உண்டு. வந்து திருடினது யாருனு சொல்லிட்டீங்கன்னா போதும்."

"எப்படித் திருடினா?"

"அதைக் கண்டுபிடிக்கத்தானே நீங்க இருக்கீங்க?"

வெள்ளையம்மாள் பட்டியலை வாங்கி விரலை ஓட்டினாள். டைப் அடித்த ஏழு பக்கம். மெதுவாக ஒரு முறை இறங்கினாள். மறுபடி மேலே போய், இன்னொரு முறை இறங்கினாள். உதட்டின் வலது ஓரமும் வளைந்தது. அது அபூர்வம்.

"உங்க அக்கா பையன் இப்போ என்ன செய்யறார்?"

"சப் இன்ஸ்பெக்டர் செலக்ஷனுக்குப் படிச்சிட்டிருக்கான். அது வர்ற வரைக்கும் இந்த வேலை."

"நீங்க எதுல எம்.ஏ.?"

"பொலிடிகல் சயின்ஸ்," என்று நிமிர்ந்தார் அவர்.

வெள்ளையம்மாள் வாய்விட்டுச் சிரித்துவிட்டாள். "சரிங்க சார். அஞ்சு மணிக்கு வர்றேன். திருடினது யாருனு அங்கேயே, எல்லாரும் இருக்கும்போதே சொல்லிடறேன்."

தனக்கு வேண்டியதை மட்டும் கேட்டுக்கொண்டு கோதண்டராமன் படியிறங்கினார்.

"இன்னா மேடம், இப்படிச் சிரிச்சீங்க? பொலிடிகல் சயின்ஸ் அவ்ளோ தமாஷா?"

"போலீஸ்மேன். எழுத்தெண்ணிப் பாரு பாஷா. A இருக்கா? E, L, M, N?"

பாஷா விரல்விட்டான். "எல்லாம் இருக்குது."

"பார்லிமெண்ட்?"

"அதுலயும் இருக்குது."

"இந்த லிஸ்ட்ல ரெண்டும் இல்ல. பச்சோந்திக்கு இங்கிலீஷ்ல கமீலியன்னு பேரு, அது இருக்கு. லெமனேடு இருக்கு. ஊர்ல ஒருத்தன் வாயிலும் நுழையாத இருநூறு சொல்லு இருக்கு. போலீஸ் வேலைக்குப் படிக்கிறவனுக்கு போலீஸ்மேன் தெரியல. தினமும் பார்லிமெண்ட்டைப் பத்திப் பாடம் நடத்தற மாமாவும் அதைக் கவனிக்கல."

"மறந்திருப்பான்."

"ஒரு சொல்லை மறக்கலாம். P-யில ஆரம்பிக்கிற ஒரு சொல்லுகூட இதுல இல்லையே. O முடிஞ்சதும் நேரா R. ஒரு எழுத்தையே ஒருத்தன் எப்படி மறப்பான்?" அவள் எழுந்து செருப்பை மாட்டினாள். "மண்டையிலேர்ந்து எடுத்தவனா இருந்தா போலீஸ்மேன்தான் முதல்ல வந்திருப்பான். இந்த லிஸ்ட்டை எழுதினவங்க ஒரு டிக்ஷனரியை வரி வரியாப் படிச்சு எடுத்திருக்காங்க. அந்த டிக்ஷனரியில P இல்ல. வண்டியை எடு. P இல்லாத டிக்ஷனரி யார்கிட்ட இருக்குனு பார்ப்போம்."

*

வெற்றி டுடோரியலில் கண்ணாடி பீரோ ஒன்று இருந்தது. அதற்குள் நடுநாயகமாக, சிவப்புக் காலிகோ அட்டை போட்ட ஒரு டிக்ஷனரி. கோதண்டராமன் பூட்டைத் திறந்து, குழந்தையை எடுப்பதுபோல் எடுத்து நீட்டினார்.

"போன மாசம்தான் வாங்கினது. சக்கரபாணி இதுலதான் பார்த்து எழுதினான்."

வெள்ளையம்மாள் புரட்டினாள். புதுப் பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு வந்தன. P-யில் ஒரு தாள் குறையவில்லை. ஐநூறாம் பக்கத்தில் ஊதா மையில் வட்ட முத்திரை: வெற்றி டுடோரியல் நூலகம்.

"நூறாம் பக்கம், இருநூறாம் பக்கம்னு நூறு நூறா குத்திடுவோம்," என்றார் அவர் பெருமையாக. "எங்க புத்தகத்துல எவன் ஒரு தாளைக் கிழிச்சுக்கிட்டுப் போனாலும் நம்மகிட்டத் தப்ப முடியாது."

"நல்ல ஏற்பாடு," என்றாள் வெள்ளையம்மாள்.

சக்கரபாணி எதிரில் வந்து நின்றான். முறுக்கிய மீசை. இன்னும் கிடைக்காத உத்தியோகத்துக்கு இப்போதே வந்துவிட்ட தொப்பை.

"தம்பி, உங்க லிஸ்ட்ல மேனக்கிள்னு ஒண்ணு இருக்கே. அப்படின்னா என்ன?"

சக்கரபாணி மாமாவைப் பார்த்தான். மாமா கூரையைப் பார்த்தார்.

"அது ஒரு பழங்க," என்றான். "குளிர்ப் பிரதேசத்துல விளையும்."

வெளியே வந்து ஸ்கூட்டரை உதைத்தபடி பாஷா கேட்டான்: "நெசமாவே பழமா மேடம்?"

"கைவிலங்கு. எஸ்.ஐ. ஆனதும் தினமும் தொடப் போற சாமான்."

"நல்லவேளை. பழம்னு நெனச்சு எவனுக்காவது உரிச்சுக் குடுத்திருப்பான்."

*

குலாம் ரசூலின் பழைய பேப்பர் கடை ஒரு சந்துக்குள் இருந்தது. உள்ளே பசை வாடை. வரிசையாக உட்கார்ந்து ஐந்தாறு பெண்கள் பழைய புத்தகங்களைப் பிரித்துப் பை ஒட்டிக்கொண்டிருந்தார்கள். கடைசியில், மற்றவர்களிடமிருந்து ஒரு முழம் தள்ளி உட்கார்ந்திருந்தவள்தான் திரௌபதி. பத்தொன்பது வயதிருக்கும். யாரோ வந்திருக்கிறார்கள் என்றதும் கையில் இருந்த பையை முந்தானைக்குள் ஒளித்துக்கொண்டாள்.

"நல்ல பொண்ணும்மா," என்றார் ரசூல் பாய். "ஆனா அஞ்சு மணிக்கு இவ திருடினு அங்க சொல்லிட்டாங்கன்னா, நானும் வச்சுக்க முடியாது. நாலு கடைக்கு சரக்கு எடுத்துக்கினு போறவ. நாளைக்கு என்ன காணாமப் போனாலும் இவ பேருதான் வரும்."

வெள்ளையம்மாள் திரௌபதியின் முன்னால், பசைச் சட்டியை நகர்த்திவிட்டுத் தரையிலேயே உட்கார்ந்தாள். "டிக்ஷனரி எங்கே?"

திரௌபதி முந்தானைக்குள் இருந்த பையை எடுத்துக் கீழே வைத்தாள். "சொன்னேங்க. யாரும் நம்பல. சிரிச்சாங்க."

"நான் சிரிக்கிறது வேற ஆளுங்களைப் பார்த்து. சொல்லு."

"ஊரு பூரா இருக்குதுங்க."

பாஷா குனிந்தான். "இன்னாது?"

"மூட்டையில வந்த ஒரு டிக்ஷனரிங்க. நான் ஒட்டற தாளை ஒட்டறதுக்கு முன்னாடி படிச்சிருவேன். அஞ்சு எழுத்தும் இருக்கற சொல்லுக்குக் கீழ பென்சில்ல ஒரு புள்ளி வைப்பேன். சாப்பாட்டு நேரத்துல நோட்டுல எழுதிக்குவேன். அப்புறம் ஒட்டிருவேன். கடலை, பொரி, விபூதி, எல்லாத்தையும் அதுலதான் கட்டிக் குடுத்துட்டாங்க."

வெள்ளையம்மாளின் உதட்டோரம் நேரானது. ஒரு முழு டிக்ஷனரியை, கையில் பசையோடு, தாள் தாளாக வாசித்து முடித்திருக்கிறாள் இந்தப் பெண். அந்தக் கண்ணாடி பீரோவையும் அதன் பூட்டையும் நினைத்தபோது அவளுக்கு நாக்கில் கசந்தது.

"P மட்டும் ஏன் விட்டே?"

திரௌபதி நிமிர்ந்தாள். முதல் முறையாகக் கண்ணைப் பார்த்தாள். இத்தனை நாளில் இதை யாரும் கேட்டதில்லை போலிருந்தது.

"மூட்டை வந்தது பௌர்ணமி அன்னைக்குங்க. நான் கடையில இல்ல. அடி அண்ணாமலைப் பக்கம் கடைங்களுக்குப் பைக்கட்டு எடுத்துக்கினு போயிட்டேன். மறுநாள் வந்து பார்த்தா டிக்ஷனரி இருக்குது, P இல்ல."

"நான்தாம்மா எடுத்தேன்," என்றாள் பக்கத்தில் இருந்த ஆராயி, ஏதோ குற்றத்தை ஒப்புக்கொள்வதுபோல. ஐம்பது வயது. இடது கையால் பசை தடவிக்கொண்டிருந்தாள். "எனக்கு P ஏது, Q ஏது? நடுவுல பொளந்துக்கினு இருந்துச்சு. பொளந்த இடத்துல கிழிச்சேன்."

"போலீஸ்மேன் உனக்குத் தெரியாதா?" என்று திரௌபதியைக் கேட்டாள் வெள்ளையம்மாள்.

"தெரியுங்க. பார்லிமெண்ட்டும் தெரியும். ஆனா ஒரு சொல்லு தப்பானாலும் எல்லாம் போயிடும்னு போட்டிருந்தாங்களே. மனசுல இருக்கறது சரியா தப்பானு நான் யாரைப் போய்க் கேக்கறது? கண்ணால பார்த்த எழுத்தை மட்டும்தான் எழுதினேன்."

"டைப் யாரு அடிச்சுக் குடுத்தா?"

"டுடோரியல்லதாங்க. அங்கதான் மிஷின் இருக்குது. ரிப்பன் போயிடுச்சு, ரிப்பன் போயிடுச்சுனு ஒரு வாரம் அலைய விட்டாங்க. புதன்கெழமைதான் குடுத்தாங்க."

பாஷா மெல்ல விசிலடித்தான். வெள்ளையம்மாள் ரசூல் பாய் பக்கம் திரும்பினாள்.

"அந்த மூட்டையை யார் போட்டது?"

"யாருனு ஞாபகம் இல்லம்மா," என்றார் அவர், தராசைத் துடைத்துக்கொண்டே.

பொய். பன்னிரண்டு வருடம் கேட்டுப் பழகிய அதே சுருதி. ஆனால் அவள் அதைத் துருவவில்லை. பயந்தவர்களின் பொய்யை அவள் மன்னிப்பது உண்டு.

"சரி. அந்தப் பௌர்ணமி அன்னைக்கு ஆராயி ஒட்டின பைங்க எங்க போச்சு? அதையாவது சொல்லுங்க."

இதற்கு உடனே பதில் வந்தது. "அது சுலபம். ஆராயிக்கு இடது கை. அவ ஒட்டற பைக்கு மடிப்பு எதிர்ப் பக்கம் விழும். மத்த கடைக்காரங்களுக்கு அது கைக்கு வராது, திட்டுவாங்க. பஸ் ஸ்டாண்ட்டாண்ட கடலை வறுக்கறவருக்கும் இடது கை. ஆராயி கட்டு மொத்தமும் அவருக்குத்தான்."

*

மணி மூன்று.

"பையைத் தனியா விக்கறதில்ல," என்றார் கடலைக்காரர். "கடலை வாங்கினா பை. பை வேணும்னா கடலை."

"ஒரு நாற்பது பை வேணுமேங்க," என்றான் பாஷா.

"அப்போ நாற்பது பொட்டலம் வாங்கு. வயித்தெரிச்சல் எனக்கில்ல."

வெள்ளையம்மாள் வண்டியின் அடித்தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். புதிதாக வரும் கட்டை மேலே வைத்து, மேலே இருப்பதையே முதலில் எடுக்கும் மனிதர் அவர். அடியில் போனது அடியிலேயே கிடக்கும். மூன்று வாரத்துக்கு முந்தைய கட்டு, நூல்கூட அவிழாமல், அடுப்புக் கரி படிந்து, எல்லாவற்றுக்கும் கீழே இருந்தது.

"அந்த அடிக்கட்டுல போட்டுக் குடுங்க," என்றாள்.

"அதுல போட்டா இன்னா, இதுல போட்டா இன்னா?"

"என் உதவியாளருக்கு வயித்துல கோளாறு. எதிர்ப்பக்கம் மடிச்ச பையில துன்னாத்தான் சேரும்."

பாஷா அவளைப் பார்த்த பார்வையில் அத்தனை வருட நட்பும் ஆட்டம் கண்டது. ஆனாலும் தின்றான். ஒரு பொட்டலம் காலியானதும் அதைப் பிரித்து அவளிடம் நீட்டினான். முதல் பையில் நெருப்புக்கோழியும் ஆந்தையும். O முடிகிற தாள். இரண்டாவது பையில் P தொடங்கியது. பதினோராவது பையில் பார்லிமெண்ட். அதன் கீழே புள்ளி இல்லை.

"மேடம், இதுக்கு மேல போனா நானே ஒரு பொட்டலம்."

"பக்கத்துல மாடு நிக்குது பார். அதுக்கும் ஒரு வாய் குடு. போலீஸ்மேன் வர்ற வரைக்கும் நிறுத்தக்கூடாது."

"வாழ்க்கையில முதல் முறையா ஒரு போலீஸ்மேன் சீக்கிரம் வரணும்னு வேண்டிக்கிறேன்," என்று பாஷா பத்தொன்பதாவது பொட்டலத்தை மாட்டின் முன்னால் கவிழ்த்தான்.

இருபத்து மூன்றாவது பையில் வந்துவிட்டான். அவன் கீழேயும் புள்ளி இல்லை.

திரும்பும் வழியில் சன்னதித் தெருவில் விபூதிக் கடை, பொரிக் கடை என்று நான்கு இடத்தில் நின்றார்கள். அங்கெல்லாம் நேர்ப்பக்கம் மடித்த பைகள். ஒவ்வொன்றிலும், எங்காவது ஒரு மூலையில், மிளகை விடச் சின்னதாக ஒரு பென்சில் புள்ளி. பொரிக் கடையில் கிடைத்த பை ஒன்றைப் பிரித்தபோது வெள்ளையம்மாள் நடுத்தெருவில் நின்றுவிட்டாள். லெமனேடுக்குக் கீழே புள்ளி. பக்கத்தின் தலையில் நானூறு என்று எண். ஓரத்தில் ஊதா மையில் வட்ட முத்திரை.

"எவன் ஒரு தாளைக் கிழிச்சாலும் தப்ப முடியாதுன்னாரே," என்றாள் மெதுவாக.

"இதைக் காட்டினா ஆள் காலி மேடம்."

"இல்ல பாஷா. இதைக் காட்டினா ஆள் தப்பிக்கப் பார்ப்பான். அதுக்குத்தான் காட்டப் போறேன்."

*

அச்சகத்தின் முன்கூடத்தில் இராமலிங்கம் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். விரல்களில் போகாத மைக்கறை. கோதண்டராமன் வலது பக்கம், மடிப்புக் கலையாத வேட்டியில். அருகில் சக்கரபாணி. திரௌபதி கதவோரம் நின்றாள், உள்ளே வரலாமா என்று இன்னும் தெரியாதவள்போல. அச்சுக் கோப்பவர்கள் நான்கைந்து பேர் வேலையை விட்டுவிட்டு எட்டிப் பார்த்தார்கள்.

வெள்ளையம்மாள் விபூதி வாடை அடிக்கும் பைகளை மேசைமேல் பிரித்துப் பரப்பினாள். "இந்தப் பொண்ணு படிச்ச டிக்ஷனரி இதுதான். ஒட்டறதுக்கு முன்னாடி ஒவ்வொரு சொல்லுக்கும் புள்ளி வச்சிருக்கா. லிஸ்ட்டோட ஒத்துப் பாருங்க."

இராமலிங்கம் மூக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு ஒத்துப் பார்த்தார். தலையசைத்தார்.

"புள்ளி யார் வேணா வைக்கலாம்," என்றார் கோதண்டராமன். "நேத்து ராத்திரி உக்காந்து வச்சிருப்பா. மேடம், நீங்க எனக்காக வந்தீங்கனு நினைச்சேன்."

"உங்களுக்காகத்தான் சார். அதனாலதான் இதையும் காட்டறேன்." முத்திரை விழுந்த தாளை அவர் பக்கம் நகர்த்தினாள்.

கோதண்டராமனின் முகத்தில் ரத்தம் வற்றியது. எதிரில் இருந்தவர்கள் எல்லாரும் முத்திரையைப் படித்துவிட்டு அவரைப் பார்த்தார்கள். ஆனால் எம்.ஏ. படித்த மூளை ஆயிற்றே. ஐந்து விநாடியில் ஒரு வழி கண்டுபிடித்தது. ரத்தம் திரும்பியது. புன்னகையும் வந்தது.

"அப்போ விஷயம் தெளிவாயிடுச்சே!" என்று மேசையைத் தட்டினார். "இது எங்க பழைய டிக்ஷனரி! புதுசு வந்ததும் நான்தான் பழைய பேப்பருக்குப் போட்டேன். அதைப் போடறதுக்கு முன்னாடி சக்கரபாணி முழுசாப் படிச்சுப் புள்ளி வச்சான். அந்தப் புள்ளியைப் பார்த்துத்தான் இவ எழுதியிருக்கா. ஏண்டா?"

"ஆமாங்க. புள்ளி வச்சது நான்தான்," என்றான் சக்கரபாணி. மேனக்கிள் மரத்திலிருந்து பழம் பறித்துத் தின்றவன்போல அவன் முகம் மலர்ந்தது.

இராமலிங்கம் கண்ணாடியைக் கழற்றினார். கதவோரம் நின்ற திரௌபதி ஓரடி பின்னால் வைத்தாள். இன்னும் ஓரடி வைத்தால் தெரு.

"காலையில புது டிக்ஷனரியில பார்த்து எழுதினான்னு சொன்னீங்களே?" என்றாள் வெள்ளையம்மாள் சாதாரணமாக.

"வாய் தவறிச் சொல்லிட்டேன். பழசுலதான்."

"சரி, பழசுலயே வச்சுக்குவோம். தம்பி, முழு டிக்ஷனரியும் நீங்கதான் பார்த்தீங்களா?"

"A-லேர்ந்து Z வரைக்கும்."

"ஒரு பக்கம் விடாம?"

"ஒரு பக்கம் விடல. என்னைப் பார்த்தா பக்கத்தை விடறவன் மாதிரியா இருக்குது?"

"நல்லா கேட்டுக்குங்க சார்," என்று இராமலிங்கத்திடம் சொல்லிவிட்டு, வெள்ளையம்மாள் கைப்பையைத் திறந்தாள். கரி படிந்த, எதிர்ப்பக்கம் மடித்த பைகளை ஒவ்வொன்றாக எடுத்து, நீவி, அடுக்கினாள். "இதுவும் அதே டிக்ஷனரி. அதே தாள், அதே எழுத்து. ஐநூத்து இருபதாம் பக்கத்துல பார்லிமெண்ட். புள்ளி இல்ல. இங்க போலீஸ்மேன். புள்ளி இல்ல. கிடைச்ச P தாள் எதுலயும் ஒரு புள்ளி இல்ல. லிஸ்ட்டுலயும் P-யில ஒரு சொல்லு இல்ல."

சக்கரபாணி லிஸ்ட்டை இழுத்துப் பார்த்தான். இப்போதுதான் முதல் முறையாகப் படிக்கிறான் என்பது அவன் உதடு அசைந்த விதத்திலேயே தெரிந்தது.

"உங்க பீரோவுல இருந்த வரைக்கும் இந்த P அந்தப் புத்தகத்துல இருந்துச்சு. பௌர்ணமி அன்னைக்கு ரசூல் பாய் கடையில, எழுதப் படிக்கத் தெரியாத ஆராயி அதைக் கிழிச்சு ஒட்டிட்டா. அதுக்கு மறுநாள்தான் இந்தப் பொண்ணு அந்தப் புத்தகத்தையே பார்த்தா. முன்னாடி படிச்சவன் லிஸ்ட்டுல போலீஸ்மேன் இருந்தே ஆகணும். பின்னாடி படிச்சவ லிஸ்ட்டுல இருக்கவே முடியாது." அவள் கோதண்டராமனைப் பார்த்தாள். காலையிலிருந்து சேர்த்து வைத்திருந்த இளக்காரம் முழுவதும் அந்தப் பார்வையில் இருந்தது. "ஏழு பக்கம் திருடினீங்களே சார், ஒரு தடவை படிச்சுப் பார்த்திருக்கக் கூடாதா? எஸ்.ஐ. ஆகப் போறவர் ஒரு போலீஸ்மேனையாவது சேர்த்திருப்பாரே. திருட்டுலகூட இவ்வளவு சோம்பேறித்தனமா?"

"எ... எப்படித் திருடினோம்னு..."

"ரிப்பன் போயிடுச்சுனு ஒரு வாரம் அலைய விட்ட மிஷின்ல, தாளுக்கு அடியில என்ன வச்சிருந்தீங்க?"

கோதண்டராமன் வாயைத் திறக்கும் முன்னால் சக்கரபாணியின் வாய் திறந்துகொண்டது. "கார்பன் காப்பியை மாமாதாங்க குடுத்தாரு! நான் கையெழுத்து மட்டும்தான் போட்டேன்!"

"போலீஸ் ஸ்டேஷனுக்குப் போறதுக்கு முன்னாடியே வாக்குமூலம் குடுக்கற முதல் எஸ்.ஐ. இவர்தான்," என்றான் பாஷா. அச்சுக் கோப்பவர்கள் சிரித்தார்கள்.

கோதண்டராமன் எழுந்தார். இந்த முறை நாற்காலியைத் தட்டவில்லை. "உங்களை நான் கூட்டிக்கிட்டு வந்தது..."

"திருடினது யாருனு சொல்லத்தானே சார்? அஞ்சு மணிக்குச் சொல்றேன்னேன். இப்போ அஞ்சே கால். கால் மணி நேரம் தாமதத்துக்கு மன்னிச்சுக்குங்க."

அவர் வெளியேறியபோது கதவோரம் நின்றவள் வழக்கம்போல் ஒதுங்கி வழிவிட்டாள். பிறகு, ஒதுங்க வேண்டியிருந்ததா என்று யோசிப்பவள்போல அங்கேயே நின்றாள்.

"உள்ளே வாம்மா," என்றார் இராமலிங்கம். "திங்கக்கிழமை காலையில எட்டு மணிக்கு வந்துடு. ஒரு எழுத்தைக்கூட நம்பாம, கண்ணால பார்த்தாத்தான் எழுதுவேன்னு சொன்னியாமே, மேடம் சொன்னாங்க. பதினஞ்சு வருஷமா அப்படி ஒரு ஆளைத்தான் நான் தேடறேன்."

திரௌபதியின் கண்கள் இராமலிங்கத்தின் மேல்கூட இல்லை, மேசைமேல் கிடந்த கரி படிந்த தாள்களின் மேல் இருந்தன.

"அதை நான் எடுத்துக்கலாங்களா?" என்றாள்.

வெள்ளையம்மாள் தாள்களை நகர்த்தினாள். திரௌபதி காதோரம் செருகியிருந்த பென்சில் துண்டை எடுத்தாள். நின்றபடியே குனிந்து, பார்லிமெண்ட்டுக்குக் கீழே ஒரு புள்ளி வைத்தாள். தாள் தாளாகப் புரட்டினாள். போலீஸ்மேனுக்குக் கீழே ஒன்று. வெள்ளையம்மாள் அந்த விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டு உதட்டோரமும் நேராக இருந்தன.

"எத்தனை?"

"பதினொண்ணுங்க. ஆனா போலீஸ்மேனோட நின்னுடுச்சு. அதுக்கு அப்புறம் உள்ள தாளைக் காணோம்." தயங்கி, தலையைத் தூக்கிப் பாஷாவைப் பார்த்தாள். "அந்தக் கட்டுல மீதி இருக்குதுங்களா அண்ணே?"

ஜானி பாஷா இரண்டு கையாலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டான்.

"யா அல்லா! மேடம், அந்த மாடு இன்னும் அங்கதான் நிக்குதானு முதல்ல பாருங்க."